அறுபத்தோராவது குழந்தை

ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 60 பிள்ளைகள் இருந்தால் அங்கே 2 ஆசிரியர்கள் வேண்டும். ஒரே ஒரு பிள்ளை கூடுதலாகச் சேர்ந்து 61 ஆகிவிட்டால் 3 ஆசிரியர்கள். அதன் பிறகு 90 வரைக்கும் அதே 3 பேர்தான். 91 ஆனால் 4. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பின்னிணைப்பில் உள்ள ஒரு சிறிய அட்டவணை இப்படிச் சொல்கிறது. ஒரு முழு ஆசிரியர் பணியிடத்தையே கூட்டிக்கொண்டு வருகிறோம் என்பது 61-வதாக வந்து சேரும் குழந்தைக்குத் தெரியாது.

தலைமையாசிரியருக்கு நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கான ‘பணியாளர் நிர்ணயம்’ நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆவார். ‘பணி நிரவல்’ என்ற பெயரில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார். ஜூன் மாதத்தில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், “பிள்ளையை நம்ம பள்ளிக்கூடத்துல சேத்துடுங்கம்மா” என்று கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சார்ட்டர் பள்ளிகளைக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த அட்டவணைதான் நினைவுக்கு வரும். சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், அரசல்லாத ஒரு குழு நடத்தும் இலவசப் பள்ளி. குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். பாடமுறை, வேலை நேரம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் பள்ளிக்குச் சுதந்திரம் உண்டு. பதிலுக்கு, சொன்ன விளைவைக் காட்டாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, பள்ளி மூடப்படும். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் குலுக்கல் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இந்த யோசனைக்கு விதை போட்டவர் ரே பட் என்ற அமெரிக்கக் கல்வியாளர், 1970-களில். அதை 1988-இல் நாடறியப் பேசியவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்பதுதான் வேடிக்கை: அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். ஆசிரியர்களே ஒன்றுகூடிப் புதுமுறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகளாக அவர் இவற்றைக் கற்பனை செய்தார். 1991-இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தைப் போட்டது. 1992-இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. யோசனை வேறு திசையில் போவதைப் பார்த்த ஷாங்கரே சில ஆண்டுகளில் அதன் விமர்சகரானார்.

புதிய கண்டுபிடிப்பு போலத் தோன்றும் இந்த இயந்திரத்தின் பாதி, நம்மிடம் 170 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1854-இல் லண்டனிலிருந்து சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, பள்ளியை யார் நடத்தினாலும் மானியம் தரலாம் என்றது. எந்த மதத்தாரானாலும் சரி. பொதுக் கல்வி ஒழுங்காக நடக்க வேண்டும், பொறுப்பான உள்ளூர் நிர்வாகம் இருக்க வேண்டும், அரசின் ஆய்வாளர் வந்து பார்க்க இடம் தர வேண்டும், சிறிதளவாவது கட்டணம் வாங்க வேண்டும். அந்த விதையிலிருந்து முளைத்தவைதான் நம் அரசு உதவி பெறும் பள்ளிகள். தமிழ்நாட்டில் இன்று எட்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

அப்படி ஒரு பள்ளியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மண்ணும் கட்டடமும் ஒரு மறைமாவட்டத்தினுடையதாகவோ, ஓர் அறக்கட்டளையினுடையதாகவோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் குடும்பத்தினுடையதாகவோ இருக்கும். ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். நியமன ஆணையில் கையெழுத்துப் போடுவது தாளாளர். அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தருவது கல்வித்துறை. சம்பளம் அரசினுடையது, அரசுப் பள்ளி ஆசிரியருக்கு உள்ள அதே விகிதத்தில். பாடநூலும் மதிய உணவும் அரசு தருபவை. ஊரகப் பகுதிகளில் 2024 ஜூலையிலிருந்தும், நகரங்களில் 2025 ஆகஸ்டிலிருந்தும் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. ஆனால் மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. சோற்றுக்கு அரசுப் பிள்ளை, சீட்டுக்குத் தனியார் பிள்ளை! ஒரே பள்ளிக்குள் இத்தனை கைகள் இருந்தும் காலையில் மணி அடித்ததும் வகுப்பு தொடங்கிவிடுகிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

அப்படியானால் சார்ட்டர் பள்ளிக்கும் இதற்கும் உண்மையான வேறுபாடு எங்கே? பணம் எதன் பின்னால் போகிறது என்பதில் இருக்கிறது. அமெரிக்க சார்ட்டர் பள்ளியில் பணம் குழந்தையின் பின்னால் போகும்: தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு குழந்தை வந்தால் அந்தத் தொகை வரும், போனால் கூடவே போய்விடும். நம் உதவி பெறும் பள்ளியில் பணம் பணியிடத்தின் பின்னால் போகிறது. முன்னது சாய்தளம், பின்னது படிக்கட்டு. சாய்தளத்தில் ஒவ்வொரு குழந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் கூட்டும். படிக்கட்டில் இருபத்தொன்பது பேர் சேர்ந்தாலும் ஒன்றும் நடக்காது. அடுத்த ஒருவர் வந்ததும் ஒரு படி ஏறிவிடும். கணக்குப் பிள்ளைக்குச் சாய்தளம்தான் நியாயமாகத் தெரியும். படிக்கட்டின் அருமை தெரிய வேண்டுமானால் மலை ஏற வேண்டும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச் செடிகள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-இல் காப்பியை இங்கே கொண்டுவந்தார் என்பது சுற்றுலாக் கையேடுகளில் உள்ள செய்தி. ஏரியையும் பகோடா பாயின்டையும் தாண்டி நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை என்று மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. சேர்வராயன் மலையின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி ஏற்காடு வட்டத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர். ஆக, சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 100 பேர்.

இப்போது மலையில் ஏதாவது ஓர் ஊரை நடுவில் வைத்து, 1 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ஏன் 1 கிலோமீட்டர்? தொடக்கப் பள்ளி அந்தத் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர். அதற்குள் 314 பேர். நூறு பேரில் 8 பேர் தொடக்கப் பள்ளி வயதுக்காரர்கள் என்று தோராயமாக வைத்தால், மொத்தம் 25 குழந்தைகள். வகுப்புக்கு 5 பேர். இது தாளில் போட்ட வட்டம். மலையில் நேர்க்கோட்டில் 1 கிலோமீட்டர் என்பது, நடுவில் ஓர் ஓடை குறுக்கிட்டால், நடையில் இரண்டாகவும் மூன்றாகவும் நீளும்.

அதே வட்டத்தைச் சென்னை மீது வைத்துப் பாருங்கள். 2011-இல் சென்னையின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு சுமார் 26,500 பேர். வட்டத்துக்குள் 83,000 பேர். தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகள் ஆறாயிரத்துக்கும் மேல். அங்கே பத்துப் பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டி போடலாம். ஒன்று மூடப்பட்டால் பிள்ளைகள் அடுத்த தெருப் பள்ளிக்குப் போகலாம். பெற்றோரின் தேர்வுரிமை என்று சார்ட்டர் ஆதரவாளர்கள் சொல்வது இந்த வட்டத்தில் மெய்யான சரக்கு. மலை வட்டத்தில் இரண்டாவது பள்ளிக்கே பிள்ளை இல்லை. இருக்கும் 25 பேரை 13, 12 என்று பங்கு போட்டால் இரண்டு பள்ளிகளும் நொண்டும்.

படிக்கட்டின் வேலை இங்கேதான் தெரிகிறது. சாய்தளக் கணக்கில் 30 குழந்தைக்கு ஓர் ஆசிரியருக்கான பணம் வருமென்றால், 25 குழந்தைகளால் ஓர் ஆசிரியரைக்கூட முழுதாகச் சம்பாதிக்க முடியாது. படிக்கட்டில் முதல் படியே 2 ஆசிரியர்கள். 60 வரை எத்தனை பேர் இருந்தாலும் அந்த இரண்டு குறையாது. 25 பேருக்கு 2 என்றால் ஆசிரியருக்குப் பன்னிரண்டு பதிமூன்று பேர். பட்டணத்துக் கட்டணப் பள்ளிகள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ள ஆசைப்படும் விகிதம் இது! (இரண்டு பணியிடத்திலும் ஆள் இருக்க வேண்டும், இருப்பவர் தினமும் வளைவுகள் ஏறி வர வேண்டும் என்பது தனிக் கதை. அட்டவணையால் அதைச் செய்ய முடியாது.)

மூடுவது பற்றியும் ஒரு வார்த்தை. சரியில்லாத பள்ளி மூடப்படும் என்ற பயம்தான் சார்ட்டர் முறையின் விசை. 2005-இல் கத்ரீனா புயல் அழித்த நியூ ஆர்லியன்ஸ் நகரம், கிட்டத்தட்ட எல்லாப் பள்ளிகளையும் சார்ட்டர் ஆக்கியது. தேர்வு மதிப்பெண்கள் நன்றாகவே ஏறின. கூடவே பள்ளிகள் மூடுவதும் திறப்பதும் வாடிக்கையானது. 2024-இல் அந்த நகரக் கல்வி வாரியம், பல ஆண்டுகளுக்குப் பிறகு, தானே நேரடியாக நடத்தும் ஒரு பள்ளியைத் திறந்தது. பெருநகரத்துக்கே இந்த அலைச்சல் என்றால், ஒற்றைப் பள்ளி உள்ள மலைக்கிராமத்தில் மூடும் தண்டனை நிர்வாகத்துக்கு விழாது, பிள்ளைகளுக்கே விழும்.

மலைகள் இந்த வடிவியல் சிக்கலை வேறொரு வழியில் வென்றிருக்கின்றன: வட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவந்து தங்கவைத்துப் படிக்கவைப்பது. ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-இலும் மான்ஃபோர்ட் பள்ளி 1917-இலும் தொடங்கின. மான்ஃபோர்ட்டில் படித்த சசி தரூரும் நடிகர் விக்ரமும் அங்கிருந்து 1 கிலோமீட்டருக்குள் பிறந்தவர்கள் அல்ல. காசுள்ளவர்களுக்குக் கிடைத்த இந்த உத்தியையே அரசு தன் செலவில் எடுத்துக்கொண்டதுதான் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று மலைதோறும் இவை இருக்கின்றன. குளிருக்காக மலையேறிய வெள்ளைக்காரர்களின் விடுதிப் பள்ளியும் பழங்குடிக் குழந்தைக்கான உறைவிடப் பள்ளியும் கணக்கில் ஒரே விடைதான். சாப்பாட்டிலும் படுக்கையிலும் தெரியும் வித்தியாசம் கணக்கினுடையது அல்ல, ஒதுக்கீட்டினுடையது.

சரி, எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம் வழக்கம். ஏற்காட்டில் விடுதிக் கட்டணம் கட்டிச் சேர்ந்த பிள்ளையையும், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையையும் அப்படி ஒப்பிட்டால் நாம் அளப்பது பள்ளியை அல்ல, வீட்டை. ஆராய்ச்சியாளர்கள் இதைத் தேர்வுச் சாய்வு என்பார்கள். அதாவது, ஆளைப் பொறுக்கி எடுத்ததால் வந்த வித்தியாசத்தை முறையால் வந்த வித்தியாசம் என்று எண்ணிக்கொள்வது.

இந்தச் சிக்கலை உடைக்கும் கருவி சார்ட்டர் சட்டத்துக்குள்ளேயே தற்செயலாக ஒளிந்திருந்தது: குலுக்கல். நூறு இடத்துக்கு இருநூறு பேர் விண்ணப்பித்தால், அக்கறையுள்ள பெற்றோர் இருநூறு குடும்பத்திலும் இருக்கிறார்கள். சீட்டு விழுந்த நூறு பேருக்கும் விழாத நூறு பேருக்கும் உள்ள வேறுபாடு அதிர்ஷ்டம் மட்டுமே. நான்கைந்து ஆண்டு கழித்து இரு தரப்பையும் சோதித்தால், தெரியும் வித்தியாசம் பள்ளியினுடையது. மருந்துச் சோதனையில் பணம் கொட்டிச் செய்வதை ஒரு நிர்வாக விதி ஓசையில்லாமல் செய்துவிட்டது.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இப்படிப் பார்த்தார்கள். பாஸ்டன் போன்ற நகரங்களின் சார்ட்டர் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் வியக்கத்தக்க அளவு முன்னேறியிருந்தார்கள். நகரம் அல்லாத இடங்களின் சார்ட்டர் பள்ளிகளில் ஆதாயம் எதுவும் இல்லை. சில பாடங்களில் பின்னடைவுகூட. நாடு முழுவதுக்குமான சராசரி இன்னும் மந்தம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், கணக்குப் பாடத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ், மற்றவை சமம். 2023-இல் அதே மையத்தின் கணக்கு மாறியது: 180 நாள் கொண்ட கல்வியாண்டில் வாசிப்பில் 16 நாளும் கணக்கில் 6 நாளும் முன்னிலை. ஆறு நாள் என்பது ஒரு பொங்கல் விடுமுறை அளவு.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிட நுட்பமான ஒரு சோதனை நடந்திருக்கிறது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2008 முதல் நான்கு ஆண்டுகள் ஆந்திரத்தின் 180 கிராமங்களில் குலுக்கலையே இரண்டு தடவை போட்டார்கள். முதலில் கிராமங்களுக்குள் குலுக்கல், பிறகு தேர்வான கிராமங்களில் பிள்ளைகளுக்குள் குலுக்கல். சீட்டு விழுந்த பிள்ளைக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுக்கப்பட்டது. எதற்கு இரண்டு தடவை? போனவர்களின் கதி மட்டுமல்ல, கிராமத்து அரசுப் பள்ளியில் தங்கிவிட்டவர்களின் கதியும் தெரிய வேண்டும் என்பதற்காக. நல்ல பிள்ளைகள் வெளியேறினால் மிச்சமிருப்பவர்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்தைச் சோதிக்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது. முடிவு இரு தரப்பு வாதத்தையும் கொஞ்சம் கலைத்தது. தெலுங்கிலும் கணக்கிலும், சீட்டு விழுந்த பிள்ளைகளுக்கும் விழாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் மேல். ஆனால் தனியார் பள்ளியின் செலவு, தலைக்கு, அரசுப் பள்ளியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தங்கிவிட்டவர்களுக்குப் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை.

விளைவுக்குத் தக்க பணம் என்பதும் புதிதல்ல. 1862-இல் இங்கிலாந்து அப்படித்தான் செய்தது: ஆய்வாளர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு குழந்தையும் தேறினால்தான் பள்ளிக்கு முழு மானியம். சென்னை மாகாணத்துக்கும் அந்த முறை வந்து சேர்ந்தது. ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆய்வாளர் கேட்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிக்கும் வரை உருப்போட வைத்தார்கள். மூன்று பாடங்களுக்கு வெளியே இருந்தவை காய்ந்தன. அந்நாளில் பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு கடுமையாக எதிர்த்தார். முறை முழுதாக ஒழிய 1897 ஆனது.

நிபந்தனையும் காலக்கெடுவும் சேர்ந்த ஒப்பந்தம் வேண்டும் என்றால் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் அரசியலமைப்பின் 337-ஆம் பிரிவைப் பாருங்கள். மான்ஃபோர்ட் வகையைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கான சிறப்பு மானியத்தைப் பற்றியது அது. முதல் மூன்று ஆண்டுகள் பழைய தொகை. பிறகு ஒவ்வொரு மூன்று ஆண்டுக்கும் 10 சதவீதம் குறையலாம். பத்தாண்டு முடிந்ததும் சலுகை நிற்கும். அதுவரை மானியம் வாங்க ஒரு நிபந்தனை: ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 சதவீத இடங்கள் பிற சமூகத்துப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். பணம், கெடு, கதவைத் திறந்துவைக்கும் கடமை மூன்றையும் ஒரே பத்தியில் கட்டிய இந்தப் பிரிவை எழுதியவர்கள், மின்னசோட்டாவுக்கு நாற்பது ஆண்டு முந்தியவர்கள்.

ஆனால் மின்னசோட்டா கதவைத் திறந்த அதே 1991-இல் தமிழ்நாடு கதவைச் சாத்தியது. 1991-92 கல்வியாண்டு முதல், புதிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று ஆனது. உதவி பெறும் பள்ளிகளின் பட்டியல் அப்படியே உறைந்தது. பழைய நகரப் பகுதிகளில் பிள்ளைகள் குறைந்து ஆசிரியர்கள் உபரியாகிறார்கள். புதிதாக விரிந்த புறநகர்களில் கட்டணப் பள்ளிதான் முளைக்கிறது. பக்கத்து நாடுகளும் மாநிலங்களும் வேறு பாதைகளில் போயின. இலங்கை 1960-61-இல் உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசுடைமை ஆக்கியது. கேரளத்தில் இன்றும் அரசுப் பள்ளிகளைவிட உதவி பெறும் பள்ளிகளே அதிகம்.

ஆகவே, கேள்வியைச் சேர்வராயன் மலைக்கு மட்டும் கேட்டால் என் பதில், வேண்டாம். 25 பிள்ளை வட்டத்தில் போட்டிக்கு இடமில்லை. அங்கே வேண்டியது முதல் படியின் இரண்டு பணியிடமும் நிரம்பியிருப்பதும், உறைவிடப் பள்ளியின் விடுதி மான்ஃபோர்ட் விடுதியோடு ஒப்பிடக் கூசாத நிலையில் இருப்பதும்தான். அடர்ந்த புறநகர்களுக்குக் கேட்டால், செய்து பார்க்கலாம். அதற்கு ‘சார்ட்டர்’ என்ற புதுப் பெயர்ப்பலகை தேவையில்லை. 1991-இல் சாத்திய மானியக் கதவைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்று கெடு வைத்துத் திறந்தால் போதும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சேர்க்கை குலுக்கலில்தான் நடக்க வேண்டும், அதுவும் பெற்றோர் கண்முன்னால். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு நம் தனியார் பள்ளிகள் ஏற்கெனவே அப்படித்தான் சீட்டுக் குலுக்குகின்றன. குலுக்கல் இல்லாவிட்டால் நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நல்ல பள்ளி என்று பெயர் வாங்கிவிடுவார்கள். அது உண்மையா என்று பத்தாண்டு கழித்து யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது.